இருபத்து மூன்று கிலோ

கத்திரி வெயிலின் பன்னிரண்டாம் நாள்.
கரண்ட் போய் ஒன்றரை மணி நேரம்.
சத்துவாச்சாரி, இரண்டாவது மாடி.
நானும் தேவகிருபையும்
அலாஸ்காவுக்கு மூட்டை கட்டுகிறோம்.

கப்பல்.
பாலாற்றங்கரையில் பிறந்தவளுக்கு
அந்தச் சொல்லே கொஞ்சம் அதிகம்தான்.
தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை என்று
ஊரைப் பழிப்பவர்கள் விரல் மடக்கிச் சொல்வார்கள்.
ஆற்றை நாங்கள்
மணல் லாரி ஏறிவரும் வழியாகத்தான் அறிவோம்.

லாங் பஜாரில் ஸ்வெட்டர் கேட்டேன்.
விசிறிக்கொண்டிருந்த அட்டையை நிறுத்தி
"கார்த்திகைல வாங்க" என்றார் கடைக்காரர்,
பருவம் தப்பிய காயைக் கேட்டுவிட்டது போல.

கையுறை, மேல்விசாரம் ஷமீமா தந்தது.
அவள் தம்பியின் கம்பெனியில் கழித்துப் போட்டது.
எந்த ஊர்ப் பனிக்கோ போகவேண்டிய ஆட்டுத்தோல்,
உள்ளே கம்பளி, தொட்டால் வெண்ணெய்.
இரண்டுமே இடது கை.
"ஆளுக்கு ஒண்ணு போட்டுக்குங்க,
சோத்துக் கையைப் பாக்கெட்ல விட்டுக்குங்க"
என்று வழியும் சொன்னாள்.

ஓர் இரவு கேப்டனோடு விருந்தாம்,
பகட்டாக வரவேண்டுமாம்.
அதற்கு ஆரணிப் பட்டு.
பட்டுக்குள் பேண்ட், பேண்ட்டுக்குள் தெர்மல்.
கொசுவத்தை எங்கே சொருகுவது?
"போட்டுப் பாத்தாத்தானே தெரியும்" என்றாள் கிருபை.
போட்டோம்.
குரங்குக் குல்லாய் வரை.

கதவு தட்டப்பட்டது அப்போதுதான்.
தோளில் சிலிண்டரோடு தணிகைவேலு.
எங்களைப் பார்த்தான்.
இறக்கி வைக்க மறந்து பார்த்தான்.
"இன்னாம்மா, ரெண்டு பேருக்கும் குளிர் ஜுரமா?"

விஷயம் கேட்டதும் இடுப்பிலிருந்து
எடை பார்க்கும் கொக்கியை எடுத்தான்.
பெட்டியைத் தூக்கி மாட்டினான்.
இருபத்தாறு.
"சிலிண்டரா இருந்தா சந்தோசப்படுவீங்க" என்றான்.
மூன்று கிலோ கூடுதல்.
மூவருக்கும் வியர்த்தது.

எதை எடுப்பது?
எனக்குத் தெரியும் எது கனமென்று.
அவளுக்கும் தெரியும்.

எனக்குக் குளிர் பழக்கமில்லை என்று
டிக்கெட் போட்டுத் தந்த என் மகன் நினைக்கிறான்.
முப்பத்தோரு வருடம் ஆஸ்பத்திரி ரத்த வங்கி.
நாலு டிகிரி அறைக்குப் போய்ப் போய் வந்த உடம்பு.
கதவருகே ஆணியில் ஒரே ஒரு கோட்டு,
சாம்பல் நிறம், ஆம்பளை அளவு,
காலரில் எல்லோருடைய தலை எண்ணெயும்.
போகிறவள் மாட்டிக்கொள்வாள்.
மற்றவள் வெளியே நிற்பாள்,
ஒருமுறை தாழ் இறுகிப்போய்
கிருபை பதினொரு நிமிடம் உள்ளே மாட்டியதிலிருந்து.

அந்தப் பதினொரு நிமிடமும்
அவள் ஜெபிக்கவில்லை.
ரத்தப் பைகளின் காலாவதித் தேதிகளைச்
சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.
இரும்புக் கதவில் காது வைத்துக் கேட்டேன்:
மார்ச் நாலு.
மார்ச் ஏழு.
மார்ச் ஏழு.
நடுவில் ஒரு தேதி வரத் தாமதமானபோது
கதவை நான் உதைத்ததை
இன்றுவரை அவளிடம் சொன்னதில்லை.

அந்தக் கோட்டுதான் பெட்டியின் அடியில்.
புதிது வந்ததும் பழையதைக் கேட்டு வாங்கி
பீரோவில் வைத்திருந்திருக்கிறாள்.
தணிகைவேலு தனியாக மாட்டிப் பார்த்தான்.
மூன்று கிலோ, நூறு கிராம்.

"வுட்டுட்டுப் போங்கம்மா, பழசு" என்றான்.
நாங்கள் பதில் சொல்லவில்லை.
மோர் கொடுத்து அனுப்பினோம்.

கோட்டைப் போட்டுக்கொண்டே போவதென்று முடிவாயிற்று.
விடியற்காலை மூன்றுக்கு டாக்சி.
மூன்றுக்கும் இங்கே அனல்தான்.
இப்போது சண்டை வேறு:
வாலாஜா டோல்கேட் வரை நீ,
அதற்கப்புறம் ஏர்போர்ட் வரை நான் என்கிறாள்.
தூரம் கூடுதலாய் யாருக்கு என்று
போனில் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
தெர்மலை இன்னும் கழற்றவில்லை.
கரண்டும் வரவில்லை.